பெங்களூருக்குப் பக்கத்தில், அணைக்கரை ஓரத்தில்: கிருஷ்ணகிரியில் குடியிருப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். பெங்களூரில் பதினோரு வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, நான்கு வருஷம் முன்பு கிருஷ்ணகிரிக்குக் குடி வந்தோம். வேலை இன்னும் எலக்ட்ரானிக் சிட்டியில்தான். வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. ஆபீஸ் தோழிகள், சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று மாதம் நான்கு பேராவது போன் செய்து ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பெங்களூர் எவ்வளவு தூரம்? தினமும் போய் வர முடியுமா?

சுமார் 90 கிலோமீட்டர். ஓசூர் ஏறக்குறைய பாதி வழி. தினமும் போய் வர முடியுமா என்றால், முடியும், ஆனால் செய்யாதீர்கள். இதை நான் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "பக்கத்தில்தானே" என்று நம்பி வந்து, ஆறே மாதத்தில் உடம்பு கெட்டு, சாமான்களை மறுபடி லாரியில் ஏற்றிக்கொண்டு போன இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஆபீஸ் போகும் நாளில் நான் காலை ஐந்தே காலுக்குக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அந்த நேரத்தில் பெங்களூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்கும். சேலம் பக்கமிருந்து வரும் வண்டி என்றால் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். சூளகிரி தாண்டும்போது வெளிச்சம் வரும். ஆறேகாலுக்கு ஓசூர். அங்கேதான் பஸ் நிறையும்: டிபன் கேரியர், கழுத்தில் கம்பெனி அட்டை, காதில் போன். அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் ஏழேகாலுக்கு எலக்ட்ரானிக் சிட்டி. காலையில் இவ்வளவுதான், சுகமான பயணம்.

சாயங்காலம் கதை வேறு. ஆறு மணிக்கு ஏறினால் சந்தாபுரா, அத்திப்பள்ளி, ஓசூர் என்று மூன்று இடத்திலும் வண்டி ஊரும். வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். தீபாவளிக்கு முந்தின நாள் ஒருமுறை, மாலை ஐந்து மணிக்கு ஏறியவள் வீட்டுக்குள் கால் வைத்தபோது மணி பத்தே முக்கால். பிள்ளை தூங்கிவிட்டிருந்தான். அதனால் நான் சொல்லும் கணக்கு இதுதான்: வாரம் இரண்டு நாள் போய் வருபவர்களுக்கு இந்த ஊர் நன்றாக ஒத்துவரும். மூன்று நாள் என்றால் யோசியுங்கள். ஐந்து நாளும் போக வேண்டுமென்றால் ஓசூரிலோ பெங்களூரிலோ இருப்பதே நல்லது.

ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓட ஆரம்பித்தது. சில்க் போர்டு, ஜெயநகர் பக்கம் வேலை உள்ளவர்கள் இப்போது பொம்மசந்திராவில் பஸ்ஸை விட்டு இறங்கி மெட்ரோ பிடிக்கிறார்கள். சில்க் போர்டு சிக்னலில் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ரயில் உண்டா?

கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையம் இல்லை. பெரிய ஊர், மாவட்டத் தலைநகர், இருந்தும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து இங்கே ஒரு சின்னப் பாதை இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டும் என்று இங்குள்ளவர்கள் பல பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. இப்போதைக்கு ஆந்திர எல்லையில் இருக்கும் குப்பம், இல்லாவிட்டால் ராயக்கோட்டை, தருமபுரி, ஓசூர். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ரயிலில் வந்தால் குப்பத்தில் இறங்குவார்கள். நாங்கள் போய் அழைத்து வருவோம்.

ரயில் விட்ட குறையைச் சாலை தீர்த்து வைக்கிறது. பெங்களூர், சென்னை, சேலம், திருவண்ணாமலை என்று நான்கு பக்கமும் நெடுஞ்சாலை பிரிவது இங்கேதான். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் ஏதாவது ஒரு பக்கம் பஸ் இருக்கும்.

கடற்கரை இல்லாத ஊர். ஆற அமர உட்காரத் தண்ணீர் ஓரம் ஏதாவது உண்டா?

சென்னையிலிருந்து வருபவர்கள் இதைத்தான் கேட்பார்கள். மாவட்டத்தில் காவேரிப்பட்டணம் என்று ஒரு ஊர் இருப்பதால், பூம்புகாரை நினைத்துக்கொண்டு கடல் இருக்கிறதோ என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் காவேரிப்பட்டணம் கடலோரம், இந்தக் காவேரிப்பட்டணம் தென்பெண்ணைக் கரை. கடல் பார்க்க இங்கிருந்து ஒரு நாள் பயணம்.

எங்களுக்குக் கடற்கரை மாதிரி இருப்பது கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை. ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள், தருமபுரி சாலையில் போய்த் திரும்ப வேண்டும். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் தென்பெண்ணைக்குக் குறுக்கே கட்டியது. முழுக் கொள்ளளவு 52 அடி. இரண்டு பக்கக் கால்வாய்களில் 9,012 ஏக்கர் பாசனம். "இன்னிக்கு எத்தனை அடி?" என்பது இங்கே மழை பற்றிய பேச்சில் கட்டாயம் வரும் கேள்வி. 2017 நவம்பரில் அணையின் மதகு ஒன்று உடைந்து, தேக்கிய தண்ணீர் ஆற்றோடு போனதைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் பெரியவர்கள் வீட்டில் நடந்த துக்கம் மாதிரிச் சொல்வார்கள். அந்த வருஷ நெல்லுக்கு வைத்திருந்த தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மேல் அங்கே போங்கள். பூங்காவுக்கு வெளியே வரிசையாக மீன் வறுக்கும் கடைகள். கட்லா, ரோகு, ஜிலேபி. நான் வழக்கமாகப் போகும் கடையில் அக்கா மீனை நம் கண் முன்னால்தான் கீறுவார். ஒவ்வொரு கீறலிலும் மிளகாய் விழுதைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளிவிட்டு, ஐந்து நிமிஷம் அப்படியே வைப்பார். அவசரப்பட்டால், "இரு கண்ணு, காரம் உள்ள இறங்கட்டும்" என்பார். பிறகு தட்டையான பெரிய கல்லில் எண்ணெய் விட்டு, ஓரம் மொறுமொறுப்பாகும் வரை திருப்பிப் போடுவார். எலுமிச்சை பிழிந்து, வெங்காயம் தூவி, காகிதத் தட்டில் வரும். அதை வாங்கிக்கொண்டு கரையில் உட்கார்ந்தால், எதிரே தண்ணீர், அதற்கு அப்பால் மலை. இருட்டும் வரை யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். பெங்களூரில் பதினோரு வருஷத்தில் எனக்குக் கிடைக்காத சாயங்காலம் இது.

அணை வரை போக நேரமில்லை என்றால் அவதானப்பட்டி ஏரியில் படகு இல்லம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஆற்றில் நுரை வருகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறத்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவும் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. தமிழ்நாட்டுக்குள் வந்ததும் முதலில் வரும் அணை ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று நுரை எழுந்து, பாலங்களையே மூடிவிடும். நாங்கள் எந்த ஏரி நாற்றத்துக்குப் பயந்து பெல்லந்தூரை விட்டு வந்தோமோ, அந்தத் தண்ணீர் எங்களுக்குப் பின்னாலேயே வருகிறது என்று நினைக்கும்போது மனசு கனத்துப் போகும். எங்கள் அணைக்கு வருவதற்குள் நுரை அடங்கிவிடும். ஆனால் சில மாதங்களில் தண்ணீர் பச்சையாக மாறி வாடை வரும். அந்தச் சமயத்தில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். பெங்களூரில் இருப்பவர்களும் இதற்காகக் குரல் கொடுக்க வேண்டும். அங்கே சுத்திகரிக்காமல் விடும் ஒவ்வொரு சொட்டும் இங்கே யாரோ ஒருவர் வயலுக்குத்தான் வருகிறது.

குடிதண்ணீர் எப்படி?

வீடு பார்க்க வரும்போது ஹாலையும் சமையலறையையும் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைக் கேளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். இங்குள்ள பாறையிலிருந்தே அது தண்ணீரில் கரைந்து வருகிறது. போர்வெல் ஆழமாகப் போகப் போகத் தொல்லை கூடும்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த என் வயதுக்காரர்களின் பல்லைப் பாருங்கள், குறுக்கே காவிக் கோடு ஓடும். எனக்கும் உண்டு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது பல் உருவாகும்போதே உள்ளே ஏறிய கறை. கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம் நான் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரித்தேன். என் அத்தைக்கு முழங்காலும் இடுப்பும் மடங்காமல் போனதற்கும் அதே தண்ணீர்தான் காரணம்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து இரண்டு மாவட்டத்துக்கும் குழாயில் தருகிறார்கள். என் மகனின் பல் பளிச்சென்று இருக்கிறது என்றால் அந்தக் குழாய்தான் காரணம். ஆகவே, வீட்டுக்காரரிடம் "தண்ணி வருமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "ஒகேனக்கல் தண்ணி வருமா? எத்தனை நாளைக்கு ஒருமுறை? தொட்டி எவ்வளவு பெரிசு?" என்று கேளுங்கள். "போர் இருக்கும்மா, இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி" என்று பதில் வந்தால், குளிக்க, துவைக்க அது சரி. குடிக்க வேண்டாம்.

இன்னொன்று: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகி அளவு குறையக் குறைய அது அடர்த்திதான் ஆகும். ஆர்.ஓ. கருவி குறைத்துத் தரும். கைக்குழந்தை, பால் பல் விழாத பிள்ளை இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

வெயில்? பெங்களூர் மாதிரி இருக்குமா?

இருக்காது. ஓசூர் மேட்டில் இருக்கிறது, அங்கே காற்று பெங்களூர்க் காற்று. சூளகிரி தாண்டி இறங்க இறங்கச் சூடு ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் பாறை மலைகள் ராத்திரியிலும் அனல் விடும். மார்கழி, தை நன்றாகக் குளிரும்.

அப்படியானால் ஓசூரிலேயே இருந்துவிடலாமே?

தினமும் வேலைக்குப் போகிறவர்கள் தாராளமாக இருக்கலாம். தொழிற்பேட்டை, இரு சக்கர வண்டிக் கம்பெனி, லாரிக் கம்பெனி, கடிகாரக் கம்பெனி என்று வேலைக்குக் குறைவில்லாத ஊர். ஆனால் வாடகையும் நெரிசலும் பெங்களூரைத் துரத்திக்கொண்டு போகின்றன. ஓசூரில் காலை எட்டு மணிக்குச் சாலையைக் கடக்க நிற்கும்போது எனக்குப் பழைய மடிவாளா நினைப்பு வரும். கிருஷ்ணகிரியில் அதே எட்டு மணிக்குப் பழையபேட்டையில் பால் வாங்கிக்கொண்டு, தெரிந்தவரோடு பத்து நிமிஷம் பேசிவிட்டு வரலாம்.

சாப்பாடு, சந்தை, காய்கறி?

ராகிக் களியும் கீரைக் குழம்பும் இந்த மண்ணின் சாப்பாடு. களியை மெல்லக் கூடாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். காவேரிப்பட்டணம் பக்கம் போனால் நிப்பட் (தட்டை மாதிரி ஒரு நொறுக்குத்தீனி) வாங்காமல் திரும்பாதீர்கள். தக்காளி ராயக்கோட்டைப் பக்கமிருந்து வரும். விலை ஏறும்போது ஏறும், இறங்கும்போது தோட்டத்துக்காரர் பறிகூலிக்குக்கூட ஆகவில்லை என்று செடியோடு விட்டுவிடுவார். ஆடு, கோழிக்குப் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தை. விடியற்காலையில் போனால்தான் சந்தை, ஒன்பது மணிக்குப் போனால் மிச்சம்.

மாம்பழ சீசனில் என்ன நடக்கும்?

ஊரே மாறிவிடும். முதலில் சித்திரையில் செந்தூரா. பிறகு பங்கனப்பள்ளி, பீத்தர், அல்போன்சா, மல்கோவா, கடைசியாக நீலம். எல்லாவற்றையும்விட அதிகம் விளைவது கிளிமூக்கு என்று நாம் சொல்லும் பெங்களூரா. அது சாப்பிடுவதற்கு என்பதைவிடக் கூழ் ஆலைக்குத்தான் போகும். இங்கிருந்து மாங்கூழ் அரபு நாடுகள் வரை போகிறது.

ஆனி மாதம் ராத்திரியில் ஆலை இருக்கும் சாலையில் போய்ப் பாருங்கள். டிராக்டரும் மினி லாரியும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். மேலே மூடாமல் கொட்டிய காய், அடியில் துண்டு விரித்துப் படுத்திருக்கும் டிரைவர், சாலை முழுக்கப் புளிப்பும் இனிப்பும் கலந்த வாசனை. முதல் வருஷம் நான் ஜன்னலைத் திறந்து வைத்து முகர்ந்துகொண்டே இருந்தேன். கூடவே ஈயும் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். 2025 சீசனில் பெங்களூரா விலை படுத்துவிட்டது. வரிசையில் மூன்று நாள் நின்று, காய் கனிந்து அழுகி, வண்டி வாடகை கையை விட்டுப் போனவர்களைப் பார்த்தேன். அந்தச் சீசனில் வாசலில் கூடை வைத்து விற்றவரிடம் என்னால் பேரம் பேச முடியவில்லை. நீங்களும் பேசாதீர்கள்.

வருஷா வருஷம் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கும். நூறு வகை மாங்காயை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

என்ன மொழி பேசுவார்கள்?

தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி கலப்பதும் உண்டு. எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி என்னிடம் தமிழில் பேசிக்கொண்டே மாட்டைத் தெலுங்கில் அதட்டுவார். யாரும் யாரையும் "வெளியூர்" என்று ஒதுக்கி நான் பார்த்ததில்லை. இது எல்லையோர ஊரின் குணம்.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்?

போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. அன்றாடத் தேவைக்குத் தனியார் மருத்துவமனைகளும் உண்டு. பெரிய நோய் என்றால் பாதிப்பேர் பெங்களூருக்கும் பாதிப்பேர் வேலூருக்கும் போகிறார்கள். இரண்டும் இரண்டு மணி நேரத்துக்குள் என்பது வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு ஒரு தைரியம். பள்ளிக்கூடங்கள் போதுமான அளவு இருக்கின்றன.

மனை வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள். சாலையோரம் பலகையில் "பெங்களூருக்கு மிக அருகில்" என்று எழுதியிருக்கும். போய்ப் பார்த்தால் மாந்தோப்பை வெட்டிக் கல் நட்டிருப்பார்கள். எங்களுக்கே ஒரு தரகர், பஞ்சாயத்து அனுமதி மட்டும் காட்டி முன்பணம் கேட்டார். என் மாமனார் மூலப்பத்திரம் கேட்டதும் அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி, பட்டா, முப்பது வருஷ வில்லங்கச் சான்று மூன்றையும் பாருங்கள். ஏரி வாய்க்கால், ஓடை புறம்போக்கு பக்கத்தில் இருக்கிறதா என்று கிராம வரைபடத்தில் பாருங்கள். குறைந்தது ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து, ஒரு கோடையையும் ஒரு மழையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

யானை வரும் என்கிறார்களே?

ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கூட்டமாக வரும். தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு பக்கம்தான் அதிகம். நகரத்துக்குள் பயப்படத் தேவையில்லை. அந்த மாதங்களில் காட்டோரச் சாலையில் ராத்திரி இரு சக்கர வண்டியில் போகாதீர்கள், அவ்வளவுதான்.

விடுமுறை நாளில் போரடிக்காதா?

மால், பெரிய தியேட்டர் இரண்டும் உயிர்மூச்சு என்றால் அடிக்கும். எங்களுக்கு அடிக்கவில்லை. காலையில் கோட்டை மலை ஏறலாம், வெயிலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4,200 வருஷம் பழையது என்று 2022-ல் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, என் மகன் பள்ளியில் "எங்க மாவட்டம்" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டு வந்தான். பொங்கல் முடிந்ததும் எருது விடும் விழாக்கள். சிவராத்திரிக்கு மறுநாள் காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளைத் திருவிழா.

ஊரைப் பார்க்க எப்போது வரலாம்?

மே மாதம், வார நாளில் வாருங்கள். மார்கழியில் வந்தால் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு ராத்திரி தங்குங்கள். ஒருநாள் காலை ஐந்தே கால் பஸ்ஸில் ஏறி உங்கள் ஆபீஸ் வாசல் வரை போய், சாயங்காலம் அதே வழியில் திரும்புங்கள். மறுநாள் நான்கு மணிக்கு மேல் அணைக்கு வாருங்கள். மதகைப் பார்த்தபடி வரிசையில் மூன்றாவது கடை, பச்சைத் தார்ப்பாய் போட்டது. அக்காவிடம் காரம் குறைவாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.